வேலையை விடும் பிள்ளைக்கும் வரச் சொல்லும் தந்தைக்கும்



நம் கடைத்தெருவில் எந்தக் கடையில் போய் உட்கார்ந்து "பையன் என்ன செய்கிறான்?" என்று கேட்டாலும், "இன்ஜினீயரிங் முடித்துவிட்டு வேலையில் இருக்கிறான்" என்ற பதில்தான் பெரும்பாலும் வருகிறது. மிளகாய் மண்டிக்காரர் மகன் சென்னையில் சாப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறான். எண்ணெய்க் கடைக்காரர் மகன் ஒரகடத்தில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் இருக்கிறான். அரிசிக் கடைக்காரர் மகள் பெங்களூரில் இருக்கிறாள். நாம் வெயிலில் நின்று மூட்டை இறக்கிப் படிக்க வைத்தோம். அவர்களும் படித்தார்கள், வேலையும் கிடைத்தது. அதில் நமக்கெல்லாம் பெருமைதான்.

ஆனால் சில ஆண்டுகளாக இன்னொரு பேச்சும் காதில் விழுகிறது. "அப்பா, வேலையை விட்டுவிட்டுக் கடைக்கே வந்துவிடுகிறேன்" என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். சில வீடுகளில் தந்தையே கூப்பிடுகிறார். முட்டிவலி வந்துவிட்டது, கல்லாவில் உட்கார நம்பிக்கையான ஆள் இல்லை, ஜி.எஸ்.டி. கணக்கும் கம்ப்யூட்டரும் பழகவில்லை என்று காரணம் பல.

வரலாமா, வரக்கூடாதா என்பது அவரவர் வீட்டு விஷயம். அதில் நான் கருத்துச் சொல்லப் போவதில்லை. வருவது என்று முடிவான பிறகு எப்படி வர வேண்டும் என்பதை மட்டும் எழுதுகிறேன். ஒரு மண்டியோடு பத்து வருஷம் பற்று வரவு வைத்திருந்தவர், ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் வேறு மண்டிக்குப் போய்விட்டால் கடைத்தெரு அவரை என்ன சொல்லும்? அதே ஆள் நிலுவையை நேர் செய்து, "ஐயா, இனி இப்படிச் செய்யலாம் என்று இருக்கிறேன்" என்று கும்பிட்டுவிட்டுப் போனால் என்ன சொல்லும்? வேலையை விடுவதும் இப்படி ஒரு கணக்கை முடிப்பதுதான். வியாபாரத்துக்கு வருகிற பிள்ளை போடுகிற முதல் முதல், அவன் பழைய இடத்தில் சம்பாதித்த நல்ல பெயர். அதைத் தொலைத்துவிட்டு வந்தால் முதலிலேயே நஷ்டத்தில் தொடங்குகிறான்.

வெண்ணெய்ப் பொட்டலத்துக்குப் பின்னால் ஒரு இன்ஜினீயர்

நம் கடைகளில் குளிர்பெட்டியைத் திறந்தால் அமுல் வெண்ணெய் இருக்கிறது. அந்தப் பெயரை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் வர்கீஸ் குரியன். கோழிக்கோட்டில் 1921ஆம் ஆண்டு பிறந்தவர். சென்னை லயோலா கல்லூரியிலும், பிறகு கிண்டி பொறியியல் கல்லூரியிலும் படித்த மெக்கானிக்கல் இன்ஜினீயர். அரசு உதவித்தொகையில் அமெரிக்கா போய் மிச்சிகனில் மேற்படிப்புப் படித்தார். அதற்கு ஈடாக, திரும்பி வந்ததும் அரசு சொல்லும் இடத்தில் வேலை பார்க்க வேண்டும் என்பது ஒப்பந்தம்.

1949ஆம் ஆண்டு மே மாதம் அரசு அவரைக் குஜராத்தில் ஆனந்த் என்ற சிறிய ஊருக்கு, அரசுப் பால் நிலையத்துக்கு அனுப்பியது. அவருக்குப் பாலிலும் ஆசையில்லை, ஊரும் பிடிக்கவில்லை. ஆனாலும் இரவோடு இரவாக ஓடிவிடவில்லை. தன்னை விடுவிக்கும்படி மேலிடத்துக்கு எழுதிக்கொண்டே இருந்தார். உத்தரவு வரும்வரை அங்கேயே இருந்தார். அந்தக் காத்திருப்பில், பக்கத்திலேயே பழைய இயந்திரங்களை வைத்துக்கொண்டு திண்டாடிய விவசாயிகளின் பால் கூட்டுறவுச் சங்கத்துக்கு ரிப்பேர் வேலையில் உதவி செய்தார். 1946இல் பதிவான அந்தச் சங்கத்தின் தலைவர் திருபுவன்தாஸ் படேல்.

விடுதலை உத்தரவு வந்து, பெட்டி கட்டிக்கொண்டு பம்பாய்க்குக் கிளம்பும்போது படேல் அவரைக் கேட்டுக்கொண்டார்: புது இயந்திரம் ஓடும்வரை கொஞ்ச காலம் இருந்துவிட்டுப் போகலாமே என்று. குரியன் இருந்தார். கொஞ்ச காலம் என்பது வாழ்நாள் முழுவதும் ஆகிவிட்டது. 2012ஆம் ஆண்டு காலமாகும் வரை ஆனந்த்தான் அவர் ஊர். எருமைப் பாலிலிருந்து பால் பவுடர் எடுக்க முடியாது என்று பலர் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், அவருடைய நண்பர் தலாயா அதைச் செய்து காட்டினார். அதற்கான தொழிற்சாலை 1955ஆம் ஆண்டு ஆனந்தில் திறக்கப்பட்டது.

இதில் நமக்கு இரண்டு பாடம் இருக்கிறது. பிடிக்காத வேலையாக இருந்தாலும் ஒப்பந்தத்தை மதித்து, எழுத்து மூலம் கேட்டு, விடுவித்த பிறகு வெளியே வந்தார் என்பது ஒன்று. இயந்திரம் படித்த படிப்பைத் தூக்கி எறியாமல் பால் வியாபாரத்துக்குள் கொண்டுவந்தார் என்பது மற்றொன்று. தொழில் மாறினாலும் படிப்பு வீணாகாது.

ஒரே தெருவில் இரண்டு பிள்ளைகள்

பெரியவர்கள் கதை போதும், நம் பக்கத்துக் கதைக்கு வருகிறேன். எனக்குத் தெரிந்த இரண்டு வணிகர்களின் பிள்ளைகள். பெயர் வேண்டாம்.

முதல் பையன் தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்புப் பிரிவில் இருந்தான். தந்தைக்குப் பருப்பு மொத்த வியாபாரம். கடைக்கு வருவது என்று முடிவானதும் மேலதிகாரியிடம் நேரில் போய்ச் சொன்னான். மூன்று மாத நோட்டீஸ். அந்த மூன்று மாதத்தில் தன் பொறுப்பில் இருந்த ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு நோட்டுப் போட்டான். எது எப்போது பழுதானது, எந்தப் பாகத்தை எங்கே வாங்க வேண்டும், எந்தச் சத்தம் வந்தால் நிறுத்த வேண்டும் என்று எழுதி, தனக்குப் பின்னால் வருகிறவனைப் பக்கத்தில் நிற்க வைத்துக் காட்டிக் கொடுத்தான். கடைசி நாள் எல்லோரிடமும் கைகுலுக்கிவிட்டு வந்தான். ஒரு வருஷம் கழித்து அந்தத் தொழிற்சாலை கேண்டீன் ஒப்பந்தக்காரர் மாறினார். புது ஒப்பந்தக்காரர் பருப்புக்கும் புளிக்கும் ஆள் தேடியபோது, பழைய மேலதிகாரியே "எங்களிடம் இருந்த பையனின் கடை இருக்கிறது, எடை சரியாக இருக்கும்" என்று சொல்லி அனுப்பினார். அந்தக் கணக்கு இன்றும் ஓடுகிறது.

இரண்டாவது பையனுக்குச் சாப்ட்வேர் வேலை. ஒரு மளிகை ஏஜென்சி கைக்கு வருகிறது, உடனே வா என்று வீட்டில் அவசரப்படுத்தினார்கள். வெள்ளிக்கிழமை ஊருக்கு வந்தவன் திங்கட்கிழமை திரும்பவில்லை. கம்பெனி போன் செய்தது, எடுக்கவில்லை. கடிதம் அனுப்பியது, பிரிக்கவில்லை. ஒன்றரை வருஷத்தில் ஏஜென்சி கூட்டாளிகளுக்குள் மனத்தாங்கல் வந்து பிரிந்துவிட்டது. பையன் மறுபடியும் வேலை தேடினான். நேர்முகத் தேர்வில் தேறினான். ஆனால் புதுக் கம்பெனி, பழைய இடத்தில் முறையாக விடுவித்த கடிதம் எங்கே என்று கேட்டது. அது இல்லை. சொல்லாமல் நின்றவன் என்று பழைய கம்பெனி ஏட்டில் இருக்கிறது. திறமை இருந்தும் கைக்கு வந்த வேலை போயிற்று.

இரண்டு பேருக்கும் படிப்பு ஒன்று, வயது ஒன்று. வாசலைத் தாண்டிய முறைதான் வேறு. வியாபாரம் நடக்கலாம், நடக்காமலும் போகலாம். திரும்பிப் போகும் வழியை நாமே மண்ணைப் போட்டு மூடக் கூடாது.

முதலில் சொல், பிறகு எழுது

இனிச் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன். பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுங்கள்.

முதலாவதாக, வேலையில் சேர்ந்தபோது கொடுத்த நியமன உத்தரவை எடுத்து முழுவதும் படிக்க வேண்டும். நோட்டீஸ் காலம் 30 நாளா, 60 நாளா, 90 நாளா என்பது அதில் இருக்கும். அதற்குப் பதில் சம்பளத்தைக் கட்டிவிட்டு முன்னதாக வர வழி உண்டா என்பதும் இருக்கும். பயிற்சிக்காகப் பாண்டு எழுதிக் கொடுத்திருந்தால் அதையும் பார்க்க வேண்டும். "அதெல்லாம் கோர்ட்டில் நிற்காது" என்று டீக்கடையில் சொல்வதை நம்பக் கூடாது. 2025ஆம் ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம், மூன்று ஆண்டுக்குள் வேலையை விட்டால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று ஒரு பொதுத்துறை வங்கி வாங்கியிருந்த பாண்டு செல்லும் என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

இரண்டாவதாக, நேரடி மேலதிகாரிக்குத்தான் முதலில் தெரிய வேண்டும். அதுவும் நேரில், தனியாகச் சொல்ல வேண்டும். கேண்டீனில் நண்பனிடம் சொல்லி, அது சுற்றிக்கொண்டு மேலதிகாரி காதில் விழுந்தால் அவர் மனம் கசந்துவிடும். நம் கடையில் வேலை பார்க்கும் தம்பி போகப் போகிறான் என்று எதிர்க்கடைக்காரர் வந்து நம்மிடம் சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்?

மூன்றாவதாக, கடிதம் சுருக்கமாக இருக்க வேண்டும். குடும்ப வியாபாரத்தில் சேருவதற்காக வேலையிலிருந்து விலகுகிறேன், விதிப்படி என் கடைசி நாள் இன்ன தேதி, அதற்குள் பொறுப்புகளை ஒப்படைத்துவிடுகிறேன், இங்கே கற்றுக்கொண்டதற்கு நன்றி. இவ்வளவு போதும். சம்பள உயர்வு தரவில்லை, இன்னார் என்னை மதிக்கவில்லை என்ற குறைகளுக்கு அந்தக் கடிதத்தில் இடமில்லை. கோபம் ஒரு வாரத்தில் ஆறிவிடும். கடிதம் கோப்பிலேயே இருக்கும்.

நான்காவதாக, கடைசி மாதம்தான் முதல் மாதத்தைவிட ஒழுங்காக வேலை பார்க்க வேண்டிய மாதம். போகிறவன்தானே என்று தாமதமாக வருவதும், பாதி வேலையை அப்படியே விடுவதும் ஐந்து வருஷ உழைப்பை அழித்துவிடும். மனிதர்கள் கடைசியாகப் பார்த்ததைத்தான் நினைவில் வைத்திருப்பார்கள்.

பிறர் பொருளைத் தொடாதே

கம்பெனி கொடுத்த லேப்டாப், சாவி, அடையாள அட்டை எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். கம்பெனியின் வரைபடம், வாடிக்கையாளர் பட்டியல், விலைப்பட்டியல் எதையும் நகல் எடுத்துக்கொண்டு வரக் கூடாது. நம்மிடமிருந்து போன ஆள் நம் வரவு செலவு நோட்டை எடுத்துக்கொண்டு போனால் நாம் சும்மா இருப்போமா?

ஆப்பிள் கம்ப்யூட்டரை உருவாக்கிய ஸ்டீவ் வோஸ்னியாக் இதில் ஒரு நல்ல முன்மாதிரி. 1970களில் அவர் ஹியூலெட் பேக்கார்ட் நிறுவனத்தில் கால்குலேட்டர் பிரிவில் இன்ஜினீயர். தன் சொந்த நேரத்தில் ஒரு கம்ப்யூட்டரை வடிவமைத்தார். அதை ரகசியமாக விற்கக் கிளம்பவில்லை. நிறுவனத்திடமே முதலில் காட்டி, உங்களுக்கு வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று அவர்கள் சொல்லி, உரிமை கோர மாட்டோம் என்று விலக்கும் கொடுத்தார்கள். 1976இல் ஆப்பிள் தொடங்கிய பிறகும் சில காலம் அந்த வேலையில் இருந்துதான் வெளியே வந்தார். பின்னால் அது எவ்வளவு பெரிய தொழிலானது என்று நமக்குத் தெரியும். நாளைக்கு ஒருவர் பங்கு கேட்டு வராதபடி வாசலிலேயே கணக்கை முடித்துவிட்டுப் போவதுதான் புத்திசாலித்தனம்.

வர வேண்டிய பணமும் காகிதமும்

வணிகர் வீட்டுப் பிள்ளைகள் கணக்கில் ஏமாறக் கூடாது. வேலையை விடும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு.

பணிக்கொடை என்ற கிராஜுவிட்டி: நிரந்தர ஊழியர் தொடர்ந்து 5 ஆண்டு வேலை பார்த்திருந்தால் தானாக விலகினாலும் உண்டு. முடிந்த ஒவ்வொரு ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம், மாதத்துக்கு 26 நாள் என்று கணக்கு. பணிக்கொடைக்கு எடுத்துக்கொள்ளும் மாதச் சம்பளம் 26,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 15,000 ரூபாய். 6 ஆண்டுக்கு 90,000 ரூபாய். ஆகவே 4 ஆண்டு 9 மாதம் ஆன பிள்ளை இன்னும் மூன்று மாதம் பொறுத்து வருவதில் கடைக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

வருங்கால வைப்பு நிதி என்ற பி.எப்.: வேலையை விட்டவுடன் எடுத்துச் சரக்கில் போட வேண்டாம். விட்ட பிறகும் அந்தப் பணத்துக்கு வட்டி ஏறிக்கொண்டுதான் இருக்கும். 5 ஆண்டு சேவை ஆகாமல் எடுத்தால் வருமான வரியும் வரும். மொத்தம் 10 ஆண்டு சேவை இருந்தால் பிற்காலத்தில் ஓய்வூதியம் உண்டு. அதற்குக் குறைவாக இருந்தால், பார்த்த ஆண்டுகளைப் பாதுகாத்து வைக்கும் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொள்ளலாம். நாளைக்கு மறுபடியும் வேலைக்குப் போனால் அந்த ஆண்டுகள் சேரும். வெளியேறிய தேதியைக் கம்பெனி பதிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பதியாவிட்டால், கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் கழித்து உறுப்பினரே இணையதளத்தில் பதிய வழி இருக்கிறது.

மருத்துவக் காப்பீடு: இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். கம்பெனி எடுத்த குழுக் காப்பீடு வேலையோடு முடிந்துவிடும். அதில் தாய் தந்தையும் சேர்ந்திருந்தால் அவர்களுக்கும் முடியும். கடைசி நாளுக்கு முன்பே குடும்பத்துக்குச் சொந்தப் பாலிசி எடுக்க வேண்டும். குழுக் காப்பீட்டிலிருந்து அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிப் பாலிசிக்கு மாற முடியுமா என்பதையும் முன்கூட்டியே கேட்க வேண்டும். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ள நம் வயதுக்காரர்களுக்குப் புதுப் பாலிசியில் காத்திருப்புக் காலம் இருக்கும். ஒரு ஆஸ்பத்திரிச் செலவு ஒரு வருஷ லாபத்தைச் சாப்பிட்டுவிடும்.

வீட்டுக் கடன் வாங்குகிற எண்ணம் இருந்தால் அதையும் முன்பே யோசிக்க வேண்டும். சம்பளக்காரருக்குச் சம்பளச் சீட்டைப் பார்த்துக் கடன் தருகிற வங்கி, வியாபாரியிடம் இரண்டு மூன்று ஆண்டு வருமான வரிக் கணக்கைக் கேட்கும்.

இவை தவிர, விடுவிப்புக் கடிதம், அனுபவச் சான்றிதழ், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வரி பிடித்ததற்கான சான்று, மீதமுள்ள விடுப்புக்கான பணம் இவற்றையெல்லாம் வாங்கி ஒரு கோப்பில் வைக்க வேண்டும். கடைக்குத்தான் வந்துவிட்டோமே, காகிதம் எதற்கு என்று அலட்சியமாக இருக்கக் கூடாது.

தந்தைமார்களுக்கு நாலு வார்த்தை

இதுவரை பிள்ளைகளுக்குச் சொன்னேன். இனி நம்மவர்களுக்கு.

பிள்ளைகள் முறை தவறி வருவதற்குப் பல வீடுகளில் அவசரக் கூப்பாடுதான் காரணம். "தீபாவளி வருகிறது, நாளைக்கே கிளம்பி வா" என்று சொல்லாதீர்கள். முப்பது வருஷமாக நடக்கிற கடை மூன்று மாதம் காத்திருக்கும். இன்னொருவரிடம் கொடுத்த வாக்கை முறித்துக்கொண்டு வந்த பிள்ளையை வைத்துக்கொண்டு, வாடிக்கையாளரிடம் நாணயம் பற்றி எப்படிப் பேசுவது?

வேலையை விடும் முன்பே ஒரு ஒத்திகை பாருங்கள். லீவு போட்டுவிட்டு வந்து பொங்கல் வியாபாரத்தில் இரண்டு வாரம் நிற்கட்டும். ஆடி மாதம் ஈயோட்டும் நாட்களிலும் வந்து உட்காரட்டும். லோடு இறங்குவதை மட்டுமல்லாமல், நிலுவை வசூலுக்குப் போய் "அடுத்த வாரம் பார்க்கலாம் தம்பி" என்ற பதிலையும் கேட்கட்டும். ஏ.சி. அறையில் மாதக் கடைசியில் தானாக வந்து விழும் சம்பளம் இங்கே கிடையாது. இவ்வளவும் பார்த்த பிறகும் வருகிறேன் என்றால் அவன் தெரிந்து வருகிறான் என்று அர்த்தம். அதற்குள் ஆறு மாத வீட்டுச் செலவைக் கையில் சேர்த்துக்கொள்ளவும் சொல்லுங்கள். கல்யாணம் ஆனவன் என்றால் மருமகளிடமும் மனம்விட்டுப் பேசுங்கள். அவள் சம்மதம் இல்லாமல் எடுத்த முடிவு வீட்டிலும் நிற்காது, கடையிலும் நிற்காது.

வந்த பிள்ளைக்குக் கடையில் ஒரு இடம் வேண்டும். மாதம் இவ்வளவு என்று சம்பளம் வைத்துக் கொடுங்கள். கைச்செலவுக்கு அப்பாவிடம் கை நீட்ட வைக்காதீர்கள். கொள்முதலா, கணக்கா, குடோனா, ஏதாவது ஒரு பகுதியை முழுப் பொறுப்பாக ஒப்படையுங்கள். பங்குதாரராகச் சேர்ப்பதானால் பத்திரம் எழுதி, வங்கிக்கும் தெரிவித்து, ஜி.எஸ்.டி. பதிவில் 15 நாளுக்குள் திருத்தம் செய்துவிடுங்கள். "எல்லாம் அவனுக்குத்தானே" என்று வாய்ச்சொல்லில் விடுவது அண்ணன் தம்பிகளுக்குள் பின்னால் வழக்காக முடியும்.

தொழிற்சாலையில் கற்றதை அவன் செய்து பார்க்கவும் இடம் கொடுங்கள். நான் மேலே சொன்ன பருப்புக் கடைப் பையன் வந்ததும் முதலில் செய்தது குடோனைப் பிரித்து அடுக்கியதுதான். முதலில் வந்த மூட்டை முதலில் போக வேண்டும் என்று தேதி எழுதிய அட்டையைக் கட்டினான். அடியில் கிடந்து வண்டு விழுகிற சரக்கு குறைந்தது. அதற்கு ஒரு பைசா முதலீடு இல்லை. "எங்களுக்குத் தெரியாததா" என்று அவன் தந்தை சொல்லியிருந்தால் அந்த அட்டை ஏறியிருக்காது.

கடைசியாக ஒன்று. வேலையை விட்டு வந்தவனை "தோற்றுப்போய்த் திரும்பியவன்" என்று உறவினர் பேசுவார்கள். பெண் கேட்கப் போன இடத்தில் "பையன் கம்பெனியில் இல்லையா?" என்று இழுப்பார்கள். அப்போது தந்தை தலை குனியக் கூடாது. கையில் விடுவிப்புக் கடிதமும், பழைய இடத்தில் நல்ல பெயரும், மனதில் தெளிவும் இருக்கிற பிள்ளை தோற்று வந்தவன் அல்ல. ஒரு கணக்கை நேராக முடித்துவிட்டு அடுத்த பேரேட்டில் முதல் வரி எழுத வந்தவன். அவனுக்குக் கல்லாவில் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுப்போம்.

வணிகம் வாழ்க!